மறதி நோயும் தோட்டக் குடும்பமும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர், அச்சமுதாயம் எத்தனை காடு திருத்தியது, எத்தனை சாலை அமைத்தது, எத்தனை கோயிலும் பள்ளியும் எழுப்பியது என்று கணக்கெடுப்பது வழக்கம். அது தன் முதியோரை, அவருள்ளும் நினைவு தளர்ந்த முதியோரை, எவ்வாறு பேணிற்று என்னும் கணக்கை எடுத்தோர் மிகச் சிலரே. ஆயினும் ஒரு குடியின் உண்மையான வலிமையையும் மெலிவையும் அறிய இதனினும் சிறந்த கணக்கு வேறில்லை எனலாம்.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மண்ணையும் மரத்தையும் நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் இக்கணக்கில் எவ்விடத்தில் நிற்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதனைப் பழங்கதை என்று ஒதுக்குதற்கில்லை. தெம்பனிஸ் போன்ற நகர்களின் அடுக்குமாடி வீடுகளில், பால்மரக் காட்டில் பிறந்து வளர்ந்த பாட்டிமாரும் தாத்தாமாரும் இன்றும் வாழ்கின்றனர். அவருட் சிலருக்குத் தம் மக்களின் பெயர் மறந்துவிட்டது. தோட்டத்தின் பெயரோ மறக்கவில்லை. இம்முரண்பாட்டின் காரணத்தை அறிந்தாலன்றி அவர்களைப் பேணும் குடும்பங்களுக்கு உதவுவது எங்ஙனம்?

பெயரும் பொருளும்

முதலில் நோயின் பெயரை நோக்குவோம். ஆங்கில மருத்துவர் டிமென்ஷியா என்று வழங்குவதை நாம் இன்று முதுமை மறதி நோய் என்கிறோம். நம் மக்களிடம் அதற்குமுன் பெயரே இல்லை என்று கருதலாகாது. ஈழத் தமிழர் 'அறளை பெயர்தல்' என்றனர். தமிழகத்தில் 'புத்தி தடுமாறிவிட்டது', 'நினைவு தப்பிவிட்டது' என்றனர். தோட்டங்களில் மலாய் மக்களோடு பழகியோர் 'ஞாஞோக்' என்னும் அவர்களுடைய சொல்லையும் கேட்டிருப்பர். கேரளத்துத் திருச்சூர்ப் பகுதி மக்கள் 'சின்னன்' என்றனர். மீண்டும் குழந்தையாதல் என்பது அதன் கருத்து. இத்தனை பெயர்கள் இருந்தும் இவற்றுள் ஒன்றேனும் நோய் என்ற பொருளைத் தரவில்லை என்பதை நாம் கருத வேண்டும். யாவும் இதனை மூப்பின் இயல்பு என்றே கொண்டன.

இதற்காக நாட்டுப்புறத்தாரை நகைப்பது முறையன்று. மருத்துவ உலகமே நெடுங்காலம் அவ்வாறுதான் கருதியிருந்தது. ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்ஸைமர், நினைவிழந்து இறந்த ஒரு பெண்ணின் மூளையை ஆராய்ந்து, அதில் கண்ட படிவுகளையும் நரம்பிழைச் சிக்கல்களையும் 1906இல் அறிஞர் அவையொன்றில் எடுத்துரைத்தார். அப்பெண் மருத்துவமனையிற் சேர்ந்தபோது அவருக்கு வயது 51. ஆகவே, 1910இல் கிரேப்பலின் என்னும் பேராசிரியர் அந்நோய்க்கு அல்ஸைமரின் பெயரையே சூட்டியபோது, அது முதுமைக்கு முன் வரும் அரிய நோய் என்றே எண்ணப்பட்டது. முதியோர்க்கு வரும் மறதியும் பெரும்பாலும் அதே நோயே என்பதை மருத்துவர்கள் பரவலாக ஒப்புக்கொண்டது 1960களிலும் 1970களிலுமேயாம். பெரும் பேராசிரியர்களுக்கே அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்ததென்றால், லயத்தில் வாழ்ந்த பால்வெட்டுத் தொழிலாளி அதனை அறியாதிருந்தது வியப்பாகுமா?

பெயரின் ஆற்றலுக்கு மற்றொரு சான்று ஜப்பான். அங்கு இந்நோயைக் குறித்த பழஞ்சொல் மடமை என்னும் இழிபொருளைத் தந்தது. 2004இல் அந்நாட்டரசு அதனை விலக்கி, அறிதற் குறைபாடு என்னும் கருத்தமைந்த புதுச் சொல்லை ஏற்றது. இழிசொல் வழங்கும் வரையில் குடும்பம் நோயாளியை மறைக்கும். மறைக்கும் வரையில் உதவி வந்து சேராது.

முதியோர் இல்லாத ஊர்

இனித் தோட்டத்திற்கு வருவோம். 'அந்தக் காலத்தில் கூட்டுக் குடும்பம் இருந்தது. கிழவர்களை அனைவரும் தாங்கினர். இக்காலத்தில்தான் எல்லாம் கெட்டுவிட்டது' என்று மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். தமிழகத்துச் சிற்றூர்களைப் பற்றி இது ஓரளவு பொருந்தலாம். மலாயாத் தோட்டத்தைப் பற்றிய அளவில் இக்கூற்றை வரலாறு ஏற்கவில்லை. காரணம் எளிது: தோட்டம் என்பது முதியோர் இல்லாத ஊராகவே திட்டமிடப்பட்டது.

ஒப்பந்தக் கூலி முறையிலும் பின்னர்க் கங்காணி முறையிலும் கப்பலேறி வந்தோர் வலிமையுள்ள இளைஞரே. 1907இல் இந்தியத் தொழிலாளரைக் கொண்டுவருவதற்கென ஒரு குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் தலைக்கு இவ்வளவு என்று அதற்கு வரி செலுத்தினர். ஆள் கொண்டுவரும் செலவைப் போலவே, உழைக்க இயலாதவரைத் திருப்பியனுப்பும் செலவும் அந்நிதியைச் சார்ந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், உடல் நலிந்தோர் இலவசமாகத் தாயகம் திரும்ப வழிசெய்தது. இதனை அறச்செயல் என்று கொள்வோரும் உண்டு. ஆயினும் அதன் விளைவு யாது? மூப்பையும் நோயையும் பேணும் சுமை முழுவதும் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களின் ஏழை உழவர் குடும்பங்களின் தலையில் இறங்கியது. இளமையை மலாயா எடுத்துக்கொண்டது. முதுமையைத் தமிழகம் ஏற்றுக்கொண்டது.

உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது இம்முறையின் உள்ளியல்பு நன்கு வெளிப்பட்டது. ரப்பர் விலை வீழ்ந்த 1930 முதல் 1932 வரையிலான மூன்றாண்டுகளில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசு, உடலுழைப்புத் தொழிலாளர் உதவி பெற்றுக் குடியேறுவதைத் தடுத்தது. அதன் பின்னரே தோட்டத் தமிழர் மெல்ல மெல்ல நிலையாய்த் தங்கி, பிள்ளை பெற்று, அங்கேயே மூத்தனர். அவ்வேளையில் போர் வந்தது. 1942 முதல் 1945 வரை சயாம் மரண இரயில் பாதைக்குப் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டு, அவருட் பெருந்தொகையினர் மாண்டனர். பெற்றோரைத் தாங்க வேண்டிய நடுவயதினரே பல குடும்பங்களில் இல்லாமற் போயினர்.

போருக்குப்பின் சேமநிதிகள் தோன்றின. மலாயாவில் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஊழியர் சேமநிதியும், சிங்கப்பூரில் 1955இல் மத்திய சேமநிதியும் அமைந்தன. ஆயினும் தோட்டத் தொழிலாளியின் சிறு கூலியில் சேர்ந்த தொகை சிறிதே. அன்றியும், 1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கிப் பெருந்தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டன. அதனைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். 1960களின் இறுதியில் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை உரிமம் வேண்டும் என்ற சட்டம் வந்தபோது, மீண்டும் பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர்.

ஆக, மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, தொண்ணூறு வயது மூதாட்டியை அனைவரும் பேணியது தோட்டத்தின் பழைய மரபு அன்று. அத்தகைய மூதாட்டிகளே அங்கு அரிது. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிங்கப்பூரில் பிறந்தோர் சராசரியாக வாழக்கூடிய காலம் ஏறத்தாழ 65 ஆண்டு. இன்று அது 83ஐக் கடந்துள்ளது. மறதி நோய் வயது ஏற ஏற மிகுவது. எனவே, இன்று தன் தாயைப் பேணுவதில் திணறும் மகள், தன் பாட்டி கற்பித்த பாடத்தை மறந்தவள் அல்லள். பாட்டிக்கு வராத தேர்வை முதன்முதல் எழுதுகிறவள். அவளைக் குறைகூறுமுன் இதனை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

தோட்டம் தந்ததும் தராததும்

அவ்வாறாயின், தோட்டத்தில் நினைவு தளர்ந்தோர் அறவே இல்லையா என்று வினவலாம். இருந்தனர், ஆயினும் அவர்களுடைய நோய் வெளித்தெரியவில்லை. அதற்குக் காரணங்கள் மூன்று: பழகிய பாதை, பழகிய பணி, பழகிய மக்கள்.

மறதி நோய் மூளையைத் தாக்கும் ஒழுங்கு அறியத்தக்கது. புதிய செய்திகளைப் பதிய வைக்கும் பகுதி முதலிற் பழுதடைகிறது. காலையில் உண்டது மறந்துபோம். நாற்பதாண்டுக்குமுன் நடந்தது நிற்கும். கைப்பழக்கமோ வேறொரு வழியில் மூளையிற் பதிந்திருப்பதால் இன்னும் நெடுங்காலம் நிலைக்கும். தோட்டத்து வாழ்வோ முற்றிலும் பழக்கத்தால் ஆனது. விடியுமுன் பெரட்டு; பின் நிரை பிடித்து மரம் வெட்டல்; பால் எடுத்தல்; பால் நிறுத்தல்; மாலையில் லயத்து வாசல். பாதை ஒன்றே, பார்ப்போர் அனைவரும் அறிந்தவரே. மரம் வெட்ட இயலாத கிழவிக்கும் ஆயாக் கொட்டகையில் தொட்டில் ஆட்டும் வேலை கிடைத்தது. அவள் வழி தவறி நடந்தால் எதிர்ப்படுவோர் கைபிடித்து அழைத்து வந்தனர். புதியதொன்றை நினைவிற் கொள்ள வேண்டிய தேவையே எழாத இடத்தில் நினைவின் பழுது எவ்வாறு தெரியும்?

இதனைப் போற்றும்போதே தோட்டம் தராதவற்றையும் சொல்லுதல் நேர்மை. லயத்து வீடு உழைப்பவனுக்கே உரியது. உழைப்போர் இல்லாத குடும்பத்திற்குக் கூரை இல்லை. தோட்டத்து மருந்தகம் காய்ச்சலுக்கும் காயத்திற்கும் மருந்து தரும். மனத்தின் தளர்ச்சியை அது அறியாது. கணவனும் மனைவியும் விடியுமுன் காட்டுக்குச் சென்றாலன்றிக் குடும்பம் நடவாது. ஆகவே, பகலில் முதியோரைக் காத்தவர் பெரும்பாலும் சிறுவரே. நோய் முற்றி, இரவில் எழுந்து அலைந்து, அடையாளம் அறியாமற் கூச்சலிடும் நிலை வந்தபோது, கதவைப் பூட்டிவைப்பதன்றி வேறு வழி அறியாதோர் பலர். சிங்கப்பூரில் வீதியில் அலைவோரைச் சேர்க்க இருந்த இடம் மனநோய் விடுதி ஒன்றே. 1841இல் தொடங்கிய அவ்விடுதி பலமுறை இடம் மாறி, 1928இல் இயோ சூ காங் சாலைக்குச் சென்று, 1951இல் உட்பிரிட்ஜ் என்று பெயர் பெற்றது. அதன் பெயரைச் சொன்னாலே குடும்பங்கள் அஞ்சின. மூதாட்டியை அங்கு விடுவதினும் வீட்டில் மறைப்பதே மேலென்று எண்ணினர்.

நான் பணியாற்றும் தோட்டப் பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் முதற் பாடவேளையிலேயே கண்ணயர்வதுண்டு. காரணத்தை அவன் தாயே சொன்னார். பாட்டி நாள்தோறும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பால்கத்தியையும் தலைவிளக்கையும் தேடுகிறார்; கிடைக்காதபோது வாசலைத் திறந்துகொண்டு நடக்கிறார்; பேரன் பின்தொடர்ந்து சென்று திருப்பிக் கொண்டு வருகிறான். பாட்டி மரம் வெட்டுவதை விட்டு இருபதாண்டுக்கு மேலாகிறது. பெரட்டு மணி அவர் நெஞ்சில் இன்னும் அடிக்கிறது. இஃது அவருடைய பிடிவாதம் அன்று. நாற்பதாண்டு உழைப்பு உடலில் எழுதிய பாடம். பேரனின் தூக்கத்தையோ எந்தக் கணக்கெடுப்பும் குறிப்பதில்லை. மறதி நோய் ஒருவரைத் தாக்கும்போது வீட்டிலுள்ள நால்வரும் தாக்குறுகின்றனர் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

தெம்பனிஸ் காட்டும் மாற்றம்

தெம்பனிஸ் என்பது இரும்பொத்த வலிமையுடைய ஒரு மரத்தின் மலாய்ப் பெயரால் வந்த ஊர்ப்பெயர். காடும் சதுப்பும் மணற் குழிகளுமாய் இருந்த அப்பகுதியில் ரப்பர்த் தோட்டங்களும், காய்கறிப் பண்ணைகளும், கோழி, பன்றி வளர்ப்போர் குடியிருப்புகளும் இருந்தன. 1980களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அங்கே புதுநகரை எழுப்பியது. நாட்டின் பன்றிப் பண்ணைகளை எல்லாம் மூடுவதென 1984இல் அரசு அறிவிக்க, அப்பத்தாண்டின் முடிவுக்குள் அத்தொழிலும் ஏறக்குறைய மறைந்தது. 1992இல் உலகக் குடியிருப்பு விருது தெம்பனிஸ் நகரைச் சிறப்பித்தது. இன்று அங்கு வாழ்வோர் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர்.

இம்மாற்றம் தந்த நன்மைகளை மறுப்பார் இலர். சொந்த வீடு, தூய நீர், அருகிலேயே மருத்துவமனை ஆகியன தோட்டத்தில் கனவிலும் காணாதவை. ஆனால் நினைவு தளரும் முதியவர் ஒருவரின் கண்ணால் இதனைக் காணுங்கள். பன்னிரண்டு மாடிகள், மாடிதோறும் ஒரே வண்ணக் கதவுகள், மின்தூக்கியின் பொத்தான்கள், ஒன்றைப் போலவே மற்றொன்றாய் நிற்கும் புளோக்குகள். பழகிய பாதை போயிற்று. பழகிய பணி போயிற்று. பழகிய மக்களும் நாற்புறமும் சிதறினர். தோட்டம் மறைத்து வைத்திருந்த நோயை நகரம் ஒரே நாளில் வெளிப்படுத்தியது. பண்ணையை விட்டு வந்த சீனக் குடும்பத்தார்க்கும், கம்பத்தை விட்டு வந்த மலாய்க் குடும்பத்தார்க்கும், தோட்டத்தை விட்டு வந்த தமிழ்க் குடும்பத்தார்க்கும் இவ்வனுபவம் ஒன்றே.

சிங்கப்பூர் இதனை உணர்ந்து செயற்பட்டதும் வரலாறே. 1990இல் அல்ஸைமர் நோய்ச் சங்கம் தோன்றியது. 2021 முதல் அது டிமென்ஷியா சிங்கப்பூர் என வழங்குகிறது. அது அமைத்த பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களுள் ஒன்றைத் தெம்பனிஸும் பெற்றது. பெற்றோரைப் பேணாத மக்களிடமிருந்து பராமரிப்புத் தொகை கோர 1995ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. மனவாற்றல் பற்றிய 2008ஆம் ஆண்டுச் சட்டம், அறிவு தெளிவாய் இருக்கும்போதே நம்பிக்கைக்குரிய ஒருவரைத் தமக்காக முடிவெடுக்க நியமித்துக்கொள்ள இடந்தந்தது. இல்லத்திற் பராமரிப்போர்க்கான மாத உதவித்தொகை 2019இல் 200 வெள்ளியாகத் தொடங்கி, 2023இல் 400 வெள்ளி வரை உயர்த்தப்பட்டது. அங் மோ கியோவின் கெபுன் பாரு வட்டாரத்தில் புளோக்குகளின் சுவர்களில் பழங்காலப் பொருள்களின் படங்களைப் பெரிதாகத் தீட்டி, எண்ணை மறந்தவரும் படத்தைக் கண்டு வீடு திரும்ப வழிசெய்தனர். பழகிய பாதையைப் பட வடிவில் மீண்டும் உண்டாக்கிய முயற்சி இது.

2013ஐ ஒட்டி நடந்த நாடளாவிய ஆய்வொன்று, சிங்கப்பூரில் 60 வயது கடந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேரிடம் இந்நோய் இருப்பதாகக் கணித்தது. பத்தாண்டுக்குப்பின் அது 8.8ஆகக் குறைந்தது கண்டனர். கல்வி மிகுந்ததும், நோய் முன்கூட்டியே அறியப்படுவதும், இரத்த அழுத்தமும் நீரிழிவும் கவனிக்கப்படுவதும் நலம் பயக்கும் என்பதற்கு இது நம்பிக்கை தருகிறது.

அளவுகோலின் பிழை

கல்வி என்றதும் ஆசிரியனாகிய நான் ஒன்றைச் சொல்லாதிருக்க இயலாது. இளமையிற் கல்வி குறைந்தோர்க்கு முதுமையில் இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்று மருத்துவ ஆராய்ச்சி கூறுகிறது. 1923ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. ஆயினும் பல தோட்டங்களில் பள்ளி என்பது ஓராசிரியரும் ஓர் ஓலைக் கொட்டகையுமே. பெண் பிள்ளைகள் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள இரண்டாம் வகுப்போடு நின்றனர். அன்று மறுக்கப்பட்ட எழுத்து, இன்று எண்பது வயதில் வட்டியோடு தண்டல் செய்யப்படுகிறது.

அன்றியும், நோயை அளக்கும் கோலிலேயே பிழை இருந்தது. 'இன்று என்ன தேதி? நூறிலிருந்து ஏழேழாகக் கழி. ஒரு வாக்கியம் எழுது. இப்படத்தைப் பார்த்து வரை' என்பன போன்றவை மருத்துவர் கேட்கும் வினாக்கள். பென்சிலையே கையாற் பிடித்தறியாத மூதாட்டி, அறிவு முழுத் தெளிவோடு இருந்தும், இத்தேர்வில் தோற்பாள். நாட்காட்டித் தேதியை அறியாதவர் சம்பள நாளையும் தைப்பூசத்தையும் தவறாது அறிவார். இக்குறையை நீக்கவே 1998இல் 10/66 என்னும் ஆய்வுக் குழு தோன்றியது. மறதி நோயாளருள் நூற்றுக்கு 66 பேர் வளரும் நாடுகளில் வாழ, ஆராய்ச்சியில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட அவர்களைப் பற்றியதாக இல்லை என்பதே அப்பெயரின் பொருள். அக்குழு பல நாடுகளில் ஆராய்ந்து, கல்லாதாரையும் நடுநிலையோடு அளக்கும் முறையை 2003இல் வெளியிட்டது. நம் முதியோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோர், அவர் எத்தனை ஆண்டு பள்ளி சென்றார், எம்மொழியிற் பேசுவார், முன்பு எதைச் செய்யவல்லவராய் இருந்து இப்போது எதைச் செய்ய இயலாதவரானார் என்பவற்றைச் சொல்லுதல் இன்றியமையாதது.

சிற்றூர்கள் கற்பித்தவை

உழவர் குடும்பங்களுக்கு உதவுவது எவ்வாறு என்பதற்கு இந்தியச் சிற்றூர்களே பாடம் தருகின்றன. சென்னைக்கருகிலுள்ள திருப்போரூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் நிகழ்ந்து 1997இல் வெளியான ஆய்வு, உழவர் குடிகளிடையேயும் இந்நோய் உண்டு என்று காட்டியது. 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று, இந்தியாவில் 60 வயது கடந்தோருள் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், நோயுற்றவர் என்றும், நகரத்தினும் நாட்டுப்புறத்திலும், ஆடவரினும் பெண்டிரிடையிலும் அது மிகுதி என்றும் மதிப்பிட்டது. கேரளத்துக் குன்னங்குளத்தில் 1992இல் அல்ஸைமர் சங்கம் தோன்றியது.

கோவாவிலும் கேரளத்திலும் ஆராய்ந்தோர் கேட்டறிந்த செய்தி நெஞ்சைத் தொடுவது. முதியவர் நிலைகுலைந்தால், மக்கள் அன்பு காட்டாமையே காரணம் என்று ஊரார் கருதினர். ஆகவே பெற்ற தாயின் நோய் மகனுக்கு அவமானமாயிற்று, மருமகளுக்குப் பழியாயிற்று. இப்பழிக்கு அஞ்சிக் குடும்பம் வாய்மூடியது. ஆனால் திருச்சூர்ப் பகுதியில், சில மணி நேரப் பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்களே, மறைந்திருந்த நோயாளரை வீடு வீடாக இனங்கண்டு காட்டினர். அவர்கள் குறித்தவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் உண்மையிலேயே நோயுற்றோர் என்று மருத்துவர் உறுதி செய்தனர்.

கோவாவில் 81 குடும்பங்களைக் கொண்டு நடத்திய சோதனையொன்றின் முடிவு 2008இல் வெளியாயிற்று. அங்கு வீட்டுக்கு வந்தவர் பெருமருத்துவர் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர். அவர் நோயின் இயல்பை விளக்கினார். அலைச்சலையும் சினத்தையும் கையாளும் முறை கூறினார். பேணுவோரின் குறை கேட்டார். அரசு உதவிக்கு வழிகாட்டினார். வேண்டும்போது மருத்துவரை வரவழைத்தார். ஆறு திங்களில் நோய் தீரவில்லை. ஆனால் பேணுவோரின் மனச்சோர்வு குறைந்தது. நோயைப் போக்கும் மருந்து இல்லாதபோதும் குடும்பத்தின் துன்பத்தைப் போக்கும் மருந்து உண்டு என்பதை இது நிலைநாட்டியது.

உலகில் இதற்கு மிகப் பழைய சான்று பெல்ஜியம் நாட்டுக் கேல் என்னும் ஊர். அங்குள்ள உழவர் குடும்பங்கள் மனநோயுற்ற அயலாரைத் தம் வீட்டில் ஏற்று, உடனுண்டு, உடனுழைத்து வாழும் வழக்கம் இடைக்காலத்திலிருந்து வருவது. 1938ஐ ஒட்டி அங்ஙனம் வாழ்ந்தோர் 3,700 பேருக்கு மேல். அவ்வுழவர் அன்பினால் மட்டும் இதைச் செய்தனர் என்று எண்ணற்க. அவர்களுக்கு ஊதியம் உண்டு. 19ஆம் நூற்றாண்டிலிருந்து அரசின் மேற்பார்வையும், நெருக்கடியில் மருத்துவமனையும் உண்டு. அன்பு நிலைத்து நிற்க அடித்தளம் வேண்டும் என்பதே கேல் தரும் பாடம். நெதர்லாந்தில் இன்று மறதி நோயாளர் பகலில் வந்து கோழிக்குத் தீனி இட்டும் செடிக்கு நீர் ஊற்றியும் பொழுது கழிக்கும் பராமரிப்புப் பண்ணைகள் பல உள்ளன. பழகிய பணி ஒரு மருந்து என்பதை அவர்கள் கண்டுகொண்டனர்.

செய்ய வேண்டுவன

வரலாறு காட்டும் உண்மை இதுவாகும்: தோட்டம் பாதையையும் பணியையும் மக்களையும் தந்து, கூரையையும் மருத்துவத்தையும் மறுத்தது, நகரம் கூரையையும் மருத்துவத்தையும் தந்து, அம்மூன்றையும் பறித்தது. இரண்டையும் ஒருங்கே அமைப்பது நம் தலைமுறையின் கடன்.

குடும்பத்தார் செய்யத்தக்கன சில. மறதி தோன்றியவுடன் மூப்பென்று விடாமல் மருத்துவரிடம் செல்க. தைராய்டுக் குறை, வைட்டமின் பி 12 குறை, மனச்சோர்வு முதலிய தீரக்கூடிய காரணங்களும் உண்டு. முதியவர் பிழையாகச் சொல்வதை வழக்காடித் திருத்த வேண்டா. ஆசிரியப் பயிற்சியில் 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க' என்று கற்றோம். இங்கோ தெரிந்ததிலேயே தங்கியிருத்தல் நன்று. வெங்காயம் உரித்தல், துணி மடித்தல், பூத்தொடுத்தல், தொட்டிச் செடிக்கு நீர் விடுதல் எனக் கை அறிந்த வேலையைக் கொடுங்கள். கதவில் அவருக்குப் பழகிய படம் ஒன்றை மாட்டுங்கள். சட்டைப்பையில் முகவரி எழுதிய சீட்டு இருக்கட்டும். பேணும் சுமையை ஒரு மருமகள் மேலோ மகள் மேலோ ஏற்றிவிட்டு மற்றவர் தீபாவளிக்கு மட்டும் வந்து அறிவுரை கூறுவது அறமாகாது. வாரத்தில் ஒரு நாளேனும் அவளுக்கு ஓய்வு கிடைக்கட்டும்.

ஊரார் செய்யத்தக்கன சில. கோயிலும் சங்கமும் ஆண்டுதோறும் முதியோர்க்குப் பொன்னாடை போர்த்துவதோடு நில்லாமல், பேணுவோர் கூடிப் பேச மாதம் ஒரு மாலையை ஒதுக்கலாம். மலேசியத் தோட்டங்களிலும் பழந்தோட்டங்களை ஒட்டிய குடியிருப்புகளிலும் எஞ்சியிருக்கும் முதியோரை நாடிச் செல்லும் பணியாளர் வேண்டும். திருச்சூரில் ஊர்ப்பணியாளர் செய்ததைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியரும் பெற்றோர் சங்கத்தாரும் இங்குச் செய்ய முடியும். தூங்கி வழியும் மாணவனின் வீட்டில் யார் விழித்திருக்கிறார் என்று கேட்பதே அதன் தொடக்கம்.

காடு திருத்தியவர் கைகள் இன்று நடுங்குகின்றன. அவர்கள் செய்ததை அவர்களே மறந்திருக்கலாம். அவர்கள் பொருட்டு அதனை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு நம்முடையது. நினைவு என்பது ஒருவர் தலைக்குள் மட்டும் இருப்பதன்று. குடும்பத்திலும் ஊரிலும் நாட்டின் சட்டத்திலும் அது தங்கியிருக்கக் கூடும். அவ்வாறு தங்கச் செய்வதே நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.